வருவது தெரிந்தும் தடுக்க முடியவில்லை

(அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பாய்சி நகரத் தமிழர்களின் பொங்கல் விழாப் பட்டிமன்றம், ஜனவரி 2025. ஹைஸ்மன் கோப்பை, அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரப்படுவது. தலைப்பு: "2024ஆம் ஆண்டின் ஹைஸ்மன் கோப்பைக்குப் பெரிதும் உரியவர் டிராவிஸ் ஹன்டரே! ஆஷ்டன் ஜென்டியே!" ஜென்டி அணியின் நிறைவுப் பேச்சு.)

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் ஹன்டருக்காக முழங்கிவிட்டு அமர்ந்திருக்கும் அண்ணன் அவர்களே, அவருக்குப் பின் புள்ளிவிவரங்களை அடுக்கிய தங்கை அவர்களே, என் அணித் தோழர்களே, பொங்கல் பானையை இறக்கி வைத்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாக்களே, ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அண்ணன் பேச்சைத் தொடங்கும்போதே சொன்னார்: "டிசம்பர் 14ஆம் தேதி நியூயார்க்கில் தீர்ப்புச் சொல்லியாயிற்று. கோப்பை ஹன்டர் கையில் இருக்கிறது. இனி இங்கே என்ன பட்டிமன்றம்?" நல்ல கேள்வி. பதிலும் அந்தத் தீர்ப்புக்குள்ளேயே இருக்கிறது. ஹன்டருக்கு 2,231 புள்ளிகள், ஜென்டிக்கு 2,017 புள்ளிகள். 552 பேர் ஹன்டரை முதலிடத்தில் எழுதினார்கள். 309 பேர் ஜென்டியை எழுதினார்கள். 2009இல் மார்க் இங்கிரமுக்கும் டோபி கெர்ஹார்ட்டுக்கும் இடையே வெறும் 28 புள்ளிகளில் முடிந்த போட்டிக்குப் பிறகு இவ்வளவு நெருக்கமாக வந்த வாக்கெடுப்பு இதுதான். வாக்களிக்கும் செய்தியாளர்கள் 870 பேர். அவர்களோடு பழைய வெற்றியாளர்கள். ரசிகர்கள் நாம் அத்தனை பேரும் இணையத்தில் போடும் வாக்கு எல்லாம் சேர்த்து ஒரே ஒரு வாக்குச் சீட்டு. பருவம் முழுக்கக் குளிரில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தும் நமக்கு ஒரே ஒரு சீட்டு! ஆகவே நடுவர் ஐயா, நமக்கு அங்கே கிடைக்காத வாக்கை இங்கே போடுகிறோம். அதற்குத்தான் இந்த மன்றம்.

பெரியவர்களுக்காக ஒரு நிமிடம். இங்கே கால்பந்து என்றால் காலால் உதைக்கிற பந்து என்று நினைக்காதீர்கள். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு எதிரணியின் எல்லைக் கோடு வரைக்கும் போக வேண்டும். பதினொரு பேர் மறிப்பார்கள். போய்ச் சேர்ந்தால் டச் டவுன். கடந்த தூரத்தை யார்டில் அளப்பார்கள்; ஒரு யார்டு மூன்றடி. நம் கபடியில் ரெய்டு போகிறவரை ஏழு பேர் சுற்றி வளைப்பதில்லையா? அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரெய்டு வேலையை ஓடியே செய்கிறவர் ரன்னிங் பேக். நம் பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜென்டி அவர். குவாட்டர்பேக் தூரத்திலிருந்து எறிகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர் ரிசீவர். எதிரணி ரிசீவரை ஒட்டிக்கொண்டே ஓடி அந்தப் பந்தைப் பிடிக்கவிடாமல் செய்பவர் கார்னர்பேக். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஹன்டர் இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆட்டத்தில் செய்தார். தாக்கவும் அவரே, தடுக்கவும் அவரே. எதிரணியின் வாதம் முழுவதும் இந்த ஒரு தூணில்தான் நிற்கிறது.

அந்தத் தூண் பொய்த் தூண் என்று நான் சொல்ல மாட்டேன். ஹன்டரைக் குறைத்துப் பேசித்தான் ஜென்டியை உயர்த்த வேண்டும் என்ற நிலைமை எங்களுக்கு இல்லை. பருவம் முழுக்க ஆயிரத்து முந்நூறு முறைக்கு மேல் களத்தில் நின்ற உடம்பு அது. பெய்லர் அணிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில், எல்லைக் கோட்டை எட்டப் போனவன் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டு ஆட்டத்தை முடித்தாரே, அதை நானும் வீட்டில் எழுந்து நின்றுதான் பார்த்தேன். அது அதிசயம். ஆனால் நடுவர் ஐயா, இன்றைய கேள்வி யார் பெரிய அதிசயம் என்பதா? அந்த ஆண்டில் யார் மிகச் சிறப்பாக ஆடினார் என்பதுதானே கேள்வி!

தங்கை ஒரு வாதம் வைத்தார். "சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருதும் ஹன்டருக்கு, சிறந்த தடுப்பாளருக்கான பெட்னரிக் விருதும் ஹன்டருக்கு. இரண்டையும் ஒருவரே வாங்கியது இதுவே முதல் முறை. இரண்டிலும் முதல் என்றால் மொத்தத்திலும் முதல்தானே?" அரங்கம் கை தட்டியது. நானும் தட்டினேன், அழகாகச் சொன்னார். ஆனால் எண்களைத் திறந்து பார்ப்போம். வாக்கெடுப்பு நடந்த நாளில் ஹன்டர் பிடித்த பந்துகள் 92, யார்டுகள் 1,152, பிடித்துப் போட்ட டச் டவுன் 14. அருமையான கணக்கு. ஆனால் அந்தப் பருவத்தில் நாட்டிலேயே அதிக யார்டு பிடித்த ரிசீவர் அவர் அல்லர். எதிரணி எறிந்த பந்தை அவர் பறித்தது 4 முறை. அதிலும் அவரைவிட அதிகம் பறித்தவர்கள் இருந்தார்கள். இரண்டு வகுப்பிலும் மிக நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவர் அவர். அதற்குரிய இரண்டு பரிசையும் கொடுத்தாயிற்று. அலங்காநல்லூரில் சிறந்த காளைக்குத் தனிப் பரிசு, சிறந்த மாடுபிடி வீரருக்குத் தனிப் பரிசு. அந்த இரண்டும் ஒரே வீட்டுக்குப் போய்விட்டன என்றே வைத்துக்கொள்வோம். ஊரே பேசும், பேசட்டும்.

இப்போது ஜென்டியின் கணக்கைத் திறக்கிறேன். அதே நாளில் அவர் ஓடிய யார்டுகள் 2,497. ஓட்டத்தில் அவருக்கு அடுத்து இருந்தவருக்கும் அவருக்கும் இடைவெளி எவ்வளவு தெரியுமா? 800 யார்டுக்கு மேல்! ஐயா, 800 யார்டு ஓடினாலே பல கல்லூரிகளில் அந்தப் பையனை அணியின் நம்பிக்கை நட்சத்திரம் என்பார்கள். அதை வெறும் இடைவெளியாக வைத்துவிட்டு முன்னால் நின்றார் ஜென்டி. நாட்டின் முதல் நிலைப் பிரிவில் 134 அணிகள். அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள், அணி முழுவதும் சேர்ந்து ஓடிய யார்டுகள் இந்த ஒருவர் ஓடியதைவிடக் குறைவு. முதல் ஆட்டத்திலிருந்து மாநாட்டு இறுதி ஆட்டம் வரைக்கும் 13 ஆட்டங்கள் (மாநாடு என்று இங்கே சொல்வது கல்லூரி அணிகளின் கூட்டமைப்பை). ஒன்றிலாவது சறுக்கினாரா? மிகக் குறைவாக ஓடிய நாளில் அவர் ஓடியது 127 யார்டு. அதுவும் ஆட்டம் கைக்கு வந்துவிட்டது என்று 11 ஓட்டத்தோடு அவரை உட்கார வைத்த போர்ட்லாண்ட் ஸ்டேட் ஆட்டம்.

ஜார்ஜியா சதர்னில் தொடங்கினார்: 267 யார்டு, ஆறு டச் டவுன். வாஷிங்டன் ஸ்டேட் வந்தது: 259. ஹவாய்த் தீவுக்குப் போனார்: 217. ஓரிகன் ஸ்டேட்: 226. இதை நான் மனப்பாடம் செய்து ஒப்பிக்கவில்லை ஐயா. இந்த ஊரில் இந்தக் குளிர்காலத்தில் மளிகைக்கடை வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவர் சொல்வார், பின்னால் நிற்பவர் திருத்துவார். அப்படி நெஞ்சில் ஏறிய எண்கள் இவை.

எண்களை விடுங்கள். ஒரு காட்சியைச் சொல்கிறேன்.

டிசம்பர் 6, வெள்ளிக்கிழமை இரவு. மவுன்டன் வெஸ்ட் மாநாட்டின் இறுதி ஆட்டம், நம் நீலத் தரையில். ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பாவை அழைத்துப் போயிருந்தேன். அதோ, மூன்றாவது வரிசையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இளவயதில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கபடி ஆடியவர். புல் பச்சையாக இல்லாமல் நீலமாக இருக்கிறதே என்று முதல் கால் மணி நேரம் அதையே பேசிக்கொண்டிருந்தார். என் மகனின் கம்பளித் தொப்பி, என் கையுறை, இரண்டு சால்வை, இத்தனையும் போட்டும் நடுங்கினார். பிறகு பேச்சு நின்றது. ஆட்டம் தொடங்கும் முன் ஜென்டி நிற்கிற நிற்பைப் பார்த்துவிட்டார்.

மற்ற ரன்னிங் பேக்குகள் எப்படி நிற்பார்கள்? முழங்காலில் கை ஊன்றி, குனிந்து, பாயப் போகிற பாவனையில் நிற்பார்கள். ஜென்டி நிமிர்ந்து நிற்பார். இரண்டு கையும் பக்கவாட்டில் தொங்கும். தோளில் இறுக்கம் இருக்காது. முகத்தில் அவசரம் இருக்காது. அவருக்கு முன்னால் ஆறடிக்கு மேல் வளர்ந்த மலை மலையான ஆட்கள் வரிசையாகக் குனிந்திருப்பார்கள். ஐந்தடி ஒன்பது அங்குலத்தில் இந்த மனிதர் மட்டும் அசையாமல் நிற்பார். அப்பா என் கையைத் தட்டிக் கேட்டார்: "ரெய்டு போகிறவன் குனிந்துதானே போவான்? இவன் என்ன, கோயில் வாசலில் நடை திறக்கக் காத்திருக்கிறவன் மாதிரி நிற்கிறான்?" நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் பந்து அவர் கைக்கு வந்துவிட்டது. ஒரு கணம் ஆட்கள் குவிந்தார்கள். அடுத்த கணம் அந்தக் குவியலுக்கு அப்பால் நீலத் தரையில் ஒரே ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார். 75 யார்டு. டச் டவுன்.

எங்களைச் சுற்றி எல்லோரும் எழுந்து கத்தினார்கள். அப்பா எழவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்: "அவனுக்கு எல்லாரும் தெரிகிறார்கள். அதனால்தான் நிமிர்ந்து நிற்கிறான்."

ஐயா, அன்று எதிரே நின்ற யூஎன்எல்வி, அதாவது லாஸ் வேகஸ் பல்கலைக்கழக அணி, அவரை முதல் முறையாகப் பார்க்கவில்லை. ஆறு வாரத்துக்கு முன்புதான் லாஸ் வேகஸில் மோதினார்கள். அன்றைக்கு 33 முறை பந்தைக் கொடுத்தும் 128 யார்டுதான் போக முடிந்தது. அவ்வளவு இறுக்கிப் பிடித்தார்கள். ஆக, இவரைத் தடுப்பது எப்படி என்று நாட்டிலேயே நன்றாகத் தெரிந்த அணி எது? அதே அணிதான். ஆறு வாரம் கழித்து, கோப்பைக்கான ஆட்டத்தில், தேசிய வாகையரைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றில் இடத்துக்கான ஆட்டத்தில், அதே அணிக்கு எதிராக 209 யார்டு ஓடினார். பந்து யாரிடம் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். எந்தப் பக்கம் போகும் என்றுகூட ஊகித்திருப்பார்கள். வருவது தெரிந்தும் தடுக்க முடியவில்லை.

என் வாதம் இதுதான். இதை ஹன்டரின் வேலையோடு வைத்துப் பாருங்கள். ஹன்டர் நல்ல கார்னர்பேக். அதனால் எதிரணி என்ன செய்யும்? அவர் இருக்கும் பக்கம் பந்தை எறியாது. மறுபக்கம் எறியும், இல்லையென்றால் ஓடும். அது அவருக்குக் கிடைத்த மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் அவரைத் தவிர்த்துவிட்டு ஓர் ஆட்டத்தை வெல்ல முடியும். வென்றும் காட்டினார்கள். நவம்பர் 23, கான்சஸ் சிட்டியின் ஆரோஹெட் மைதானம். கொலராடோவுக்கு மாநாட்டு இறுதி ஆட்டத்துக்குப் போகும் வழி திறந்திருந்த நாள். ஹன்டர் அன்று பந்துகளை நன்றாகத்தான் பிடித்தார். ஆனால் கான்சஸின் ரன்னிங் பேக் டெவின் நீல் 207 யார்டு ஓடினார். கொலராடோ 37க்கு 21 என்று தோற்றது. தடுப்பிலும் ஆடும் மாவீரர் ஓரத்தில் ரிசீவரைக் காத்து நிற்க, ஆட்டம் நடுவழியாக ஓடிப் போய்விட்டது.

அதே நவம்பர் 23ஆம் தேதி நம் அணி எங்கே இருந்தது? வயோமிங்கில். எதுவும் சரியாக அமையாத நாள். கடைசியில் 17க்கு 13 என்று தப்பித்து வந்தார்கள். ஜென்டி ஓடியது 169. அவரைத் தவிர்த்துவிட்டு நம்மை வெல்ல வயோமிங்குக்கு வழி இருந்ததா? ஆட்டத்துக்கு இருபத்தாறு, இருபத்தேழு முறை பந்து அவர் கையில். அவரைத் தாண்டாமல் நம் வீட்டு வாசலுக்கே வர முடியாது.

அண்ணன் அடுத்துச் சொன்னது கொஞ்சம் வலித்தது. "ஜென்டி ஓடியது யாருக்கு எதிராக? மவுன்டன் வெஸ்டில் உள்ள சின்னச் சின்ன அணிகளுக்கு எதிராக" என்றார். ஐயா, செப்டம்பர் 7ஆம் தேதி நாம் யூஜீன் நகருக்குப் போனோமே, அந்த ஓரிகன் சின்ன அணியா? பிளேஆஃபுக்குத் தோல்வியே இல்லாமல் நாட்டின் முதலிடத்தில் போய் நின்ற ஒரே அணி அது. அவர்கள் கோட்டையிலேயே ஜென்டி 192 யார்டு ஓடினார், மூன்று டச் டவுன் போட்டார். கடைசி நொடியில் உதைத்த ஒரு ஃபீல்ட் கோலில் 37க்கு 34 என்று தோற்றோம். நம் அணி பருவத்தில் தோற்ற ஒரே ஆட்டமாக வாக்கெடுப்பு நாள் வரை அது மட்டுமே இருந்தது. பெரிய அணிகளிடம் அவர் எப்படி ஆடுவார் என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்? இன்னும் எத்தனை பேரை மேலே ஏறிப் போய் வென்றுவிட்டு வரச் சொல்வீர்கள்?

சின்ன ஊர் என்று சொன்னதற்கு இன்னும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1990இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் டை டெட்மர் ஹைஸ்மன் வாங்கினார். அதற்குப் பிறகு பெரிய மாநாடுகளுக்கு வெளியே இருக்கும் எந்தக் கல்லூரிக்கும் இந்தக் கோப்பை போகவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள்! நம் அணியின் பழைய குவாட்டர்பேக் கெல்லன் மூர் 2010இல் நான்காம் இடம் வரை போனார், அவ்வளவுதான். அப்படியானால் சின்ன ஊரில் பிறந்து வளர்கிற திறமை எல்லாம் பெரிய ஊருக்குப் பெயர்ந்து போனால்தான் கண்ணில் படுமா?

பெயர்ந்து போக வாய்ப்பு இல்லாதவரா ஜென்டி? கடற்படையில் பணிபுரிந்தவரின் மகன். இத்தாலியின் நேபிள்ஸில் அமெரிக்கப் படைவீரர் பிள்ளைகளுக்கான பள்ளியில் ஆடி, டெக்சஸின் ஃபிரிஸ்கோவுக்கு வந்து, அங்கிருந்து பாய்சிக்கு வந்தவர். ஊர் மாறுவது அவருக்குப் பழக்கம்தான். 2023 பருவத்தில் 1,347 யார்டு ஓடிய பிறகு பெரிய கல்லூரிகள் அழைத்தன. இன்று கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சட்டப்படி சம்பாதிக்கலாம். விரும்பினால் அடுத்த ஆண்டே வேறு கல்லூரிக்கு மாறி ஆடலாம். இங்கே கிடைப்பதைவிடப் பல மடங்கு தொகை பேசப்பட்டது என்பதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அவர் போகவில்லை. தன்னைப் பெரிய கல்லூரிகள் பெரிதாகக் கண்டுகொள்ளாத காலத்தில் தேடி வந்து நம்பியவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று தங்கினார். ஹைஸ்மன் அறக்கட்டளை தன் கோப்பைக்கு என்ன இலக்கணம் சொல்கிறது? நேர்மையோடு சிறப்பை நாடுவது. திறமையோடு சேர்ந்த விடாமுயற்சி, ஊக்கம், உழைப்பு. இந்தச் சொற்களுக்குப் பக்கத்தில் ஒரு படம் ஒட்டச் சொன்னால் இந்த அரங்கத்துச் சிறுவர்கள் யார் படத்தை ஒட்டுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள் ஐயா.

(அண்ணன் தலையை ஆட்டுகிறார். ஹன்டரும் நாட்டின் முதல்தரப் பள்ளி ஆட்டக்காரராக இருந்தும் ஜாக்சன் ஸ்டேட் போன்ற சிறிய கல்லூரியைத் தேர்ந்தெடுத்தவர்தானே என்கிறார். ஆம், அண்ணா. அந்த முடிவுக்காக அவரை நான் மதிக்கிறேன். ஒரே ஆண்டில் பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸோடு கொலராடோவுக்குப் போய்விட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.)

கொலராடோ என்றதும் நினைவுக்கு வருகிறது. எதிரணி நண்பர்கள் மறந்திருந்தால் நான் நினைவூட்டுகிறேன். உங்கள் கொலராடோவுக்கு முதல் ஹைஸ்மன் கோப்பையைக் கொண்டுவந்தவர் யார்? 1994இல் ரஷான் சலாம். அவர் என்ன வேலை பார்த்தார்? ரன்னிங் பேக். எத்தனை யார்டு ஓடினார்? 2,055. அதற்குக் கோப்பை கொடுத்தார்கள், சரியாகவே கொடுத்தார்கள். 1981இல் மார்கஸ் ஆலன் முதன்முதலாக இரண்டாயிரத்தைத் தாண்டினார், கொடுத்தார்கள். 1988இல் பேரி சாண்டர்ஸ், கொடுத்தார்கள். 1998இல் ரிக்கி வில்லியம்ஸ், கொடுத்தார்கள். பிறகு என்ன ஆயிற்று? 2000 முதல் 2023 வரை 24 கோப்பைகளில் 20 குவாட்டர்பேக்குகளுக்குப் போயின. ரன்னிங் பேக்குகளுக்கு மூன்றே மூன்று. கடைசியாக 2015இல் டெரிக் ஹென்றி; அந்தப் பருவம் முழுவதும் சேர்த்து அவர் ஓடியது 2,219 யார்டு. 2014 பருவம் முழுவதும் சேர்த்து 2,587 யார்டு ஓடிய மெல்வின் கார்டன் வாக்கெடுப்பில் இரண்டாம் இடத்தில் நின்றார். ஓடுகிறவனின் உடம்பு வாங்குகிற அடிக்கு மதிப்புக் குறைந்துகொண்டே வந்த காலம் இது.

அந்த அடியைப் பற்றி ஒரு சொல். ஜென்டியின் யார்டுகளை முன்வரிசைத் தடுப்பாளர்கள் வழி திறந்துவிட்டுக் கொடுத்தார்கள் என்று தங்கை சொன்னார். அந்த முன்வரிசைப் பிள்ளைகளுக்கும் என் வணக்கம். ஆனால் அவர் ஓடியதில் எதிராளி முதன்முதலாகத் தொட்ட பிறகு, அதாவது இடித்த பிறகு, இழுத்த பிறகு, காலைக் கட்டிய பிறகு ஓடிய யார்டுகள் மட்டும் ஆயிரத்து எழுநூறுக்கு மேல். வழி திறந்துவிட்டவர்கள் திறந்துவிட்டார்கள். அந்த வழி முடிகிற இடத்தில்தான் ஜென்டி தொடங்கினார். கபடி ஆடியவர்களுக்குத் தெரியும், பிடி விழுந்த பிறகு கோட்டுக்குத் திரும்புகிறவனுக்கு என்ன பெயர் என்று. இன்னொரு பக்கம் பாருங்கள். ஹன்டருக்குப் பந்தை எறிந்தவர் யார்? ஷெடூர் சாண்டர்ஸ், அந்தப் பருவத்தில் 4,134 யார்டு எறிந்தவர், அதே ஹைஸ்மன் வாக்கெடுப்பில் தானும் புள்ளிகள் வாங்கியவர். ஒரு கை எறிந்து ஒரு கை பிடித்த ஓசை அது. அப்படி இரண்டு நட்சத்திரங்கள் இருந்தும் கொலராடோ ஒன்பது வென்றது, மூன்று தோற்றது. நாம் பன்னிரண்டு வென்று, ஒன்று தோற்று, முதன்முதலாக நடந்த பன்னிரண்டு அணிப் பிளேஆஃபில் மூன்றாம் இடத் தகுதியோடு நேராகக் காலிறுதிக்குப் போனோம். பாய்சி! ஐடஹோவில் இருக்கிற பாய்சி!

சக நண்பர்கள் கைகாட்டுகிறார்கள், முதல் மணி அடித்துவிட்டது. அந்தக் கோப்பையைப் பற்றிச் சொல்லாமல் போக மாட்டேன். 1935இல் சிற்பி ஃபிராங்க் எலிஸ்கு, நியூயார்க் பல்கலைக்கழக ஆட்டக்காரர் எட் ஸ்மித்தை நிற்கவைத்து அதை வடித்தார். எப்படி வடித்தார்? இடது கையில் பந்தை அணைத்து, வலது கையை நீட்டி எதிராளியைத் தள்ளிக்கொண்டே ஓடுகிற உருவம். பந்தை எறிகிறவரை அவர் வடிக்கவில்லை. தாவிப் பிடிக்கிறவரை வடிக்கவில்லை. மறித்து நிற்கிறவரையும் வடிக்கவில்லை. இந்த ஆட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று அந்த இளைஞருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது மணிக்குள் கடைசி வாதத்துக்குப் பதில் சொல்லி அமர்கிறேன். ஃபியஸ்டா பௌல், அதாவது நம் பிளேஆஃப் காலிறுதி ஆட்டம். டிசம்பர் 31. இதை எதிரணி மூன்று முறை சொன்னது; மூன்று முறையும் எங்கள் பக்கத்து முகங்கள் வாடியதை நானும் கண்டேன். பென் ஸ்டேட்டுக்கு எதிராக 30 முறை ஓடி 104 யார்டு, இரண்டு முறை பந்து கை நழுவியது, தோற்றோம், ஒரே பருவத்தில் பேரி சாண்டர்ஸ் ஓடிய 2,628 யார்டு சாதனையைத் தொட 27 யார்டு குறைந்துபோனது. அத்தனையும் உண்மை. வாக்குகள் எல்லாம் அதற்கு மூன்று வாரம் முன்பே போட்டு முடிந்தவை என்பதும் உண்மை. கொலராடோவும் பருவ முடிவில் ஆடிய தன் பௌல் ஆட்டத்தில் பிரிகாம் யங்கிடம் 36க்கு 14 என்று தோற்றது என்பதும் உண்மை. சாண்டர்ஸ் அந்த 2,628ஐப் பதினொரே ஆட்டத்தில் ஓடினார். அவர் சாதனைக்கு நான் தலைவணங்குகிறேன், அது அவருடையது.

ஆனால் "அந்த 27 யார்டு எங்கே?" என்று தங்கை கேட்டாரே, அதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். அக்டோபர் 5, யூட்டா ஸ்டேட் ஆட்டம், இதே ஊரில். 13 முறைதான் ஓடினார். 186 யார்டு, மூன்று டச் டவுன். ஓட்டத்துக்குப் பதினான்கு யார்டுக்கு மேல் போய்க்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு முறை பந்தைக் கொடுத்திருந்தால் போதும். ஆட்டம் கைக்கு வந்துவிட்டது, இனி மற்றப் பிள்ளைகள் ஆடட்டும் என்று இரண்டாம் பாதியின் பெரும்பகுதிக்கு அவர் களத்துக்கு வரவில்லை. தங்கை, அந்த 27 யார்டு அங்கே இருக்கிறது. நீலத் தரையின் ஓரத்தில், தன் இடத்தில் ஓடிக்கொண்டிருந்த பையன்களைப் பார்த்தபடி ஜென்டி நின்றிருந்த இடத்தில்.

நன்றி. வணக்கம்.